ஏழரைக்கு முதல் ஒரு வெட்டு

நெடுங்கேணி
20.01.2025

விமலேஸ்வரி அக்காவுக்கு,

உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறவன் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் என்றால் நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் யார் என்ன சொன்னது என்றே தெரியாமல் போய்விடும். கடிதத்தில் சொன்னது சொன்னபடி கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதற்கு அல்ல.

பொங்கலுக்கு அடுத்த நாள் சாரங்கா இங்கே வந்திருந்தா. கொங்கிறீட் வெட்டும் மெசின் மறுபடியும் ஓடுகிறதாம். இப்போது அதைப் பிடித்து வெட்டுவது அவதானாம். "கவர் போட்டிருக்கோ?" என்று கேட்டேன். "கவரோ, அது அண்டைக்குக் கழட்டினது கழட்டினபடிதான்" என்றா. பிளேட் முழுக்க வெளியில் தெரிய, அதைப் பிடித்துக்கொண்டு வீதியை வெட்டுகிறா. என் இடது பாதம் பாதி போன பிறகும் அந்த மெசினுக்கு ஒரு கவர் பூட்ட உங்களுக்கு மூன்று மாதம் போதவில்லை.

எழுதியதற்கு மற்றக் காரணம் என்னுடையது. முகமாலையில் நாங்கள் கண்ணிவெடி எடுத்த காலத்து ஆட்களிடம் ஒரு வேலை இருக்கிறது. களத்தில் இல்லை, களஞ்சியத்தில். கருவிகளைப் பார்த்து, துடைத்து, பழுது எழுதி வைக்கிற வேலை. அதற்குக் கால் முழுதாக வேண்டாம். ஆனால் கடைசியாக வேலை செய்த இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்கிறார்கள். எனக்கு எப்படி விபத்து நடந்தது என்று அதில் இருக்க வேண்டும். நான் குடித்துவிட்டு மெசினைத் தூக்கியதாக அவர்கள் காதுவரைக்கும் கதை போயிருக்கிறது. கருவிக் களஞ்சியத்துக்குக் குடிகாரனை யார் வைப்பார்கள்?

நான் குடிக்கவில்லை. கலியாணத்துக்கு முதல் குடித்தவன்தான், மறைக்கவில்லை. விட்டு ஐந்து வருடம். அது உங்களுக்கும் தெரியும்.

மார்ச் முப்பத்தோராம் திகதிக்குள் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கோ. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ரஜிதன்


தர்மபுரம்
29.01.2025

தம்பி ரஜிதனுக்கு,

கடிதத்தின் முதல் பந்தியிலேயே "சுகம் விசாரிப்பதற்கு அல்ல" என்று எழுதியிருக்கிறீர். நான் விசாரிக்கிறேன். புண் முழுதாக ஆறிவிட்டதா? மழைக்குள் நனையவிடாதையும். கார்த்திகை வெள்ளத்துக்கு உங்கள் பக்கம் றோட்டு மூடிக் கிடந்தபோது கட்டு மாற்ற எப்படிப் போனீரோ என்று இங்கே இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். இலக்கத்தைத் தடுத்து வைத்தால் நான் யாரிடம் கேட்பது?

மார்கழியில் உம்மைப் பார்க்க நெடுங்கேணிக்கு வந்தேன். அப்பிளும் தோடம்பழமும் பையில். படலையடியில் உமது மனைவி மேனுகா நின்றா. "அவர் நித்திரை" என்றா. உள்ளுக்கு வாங்கோ என்று ஒரு சொல் இல்லை. பையை வாங்கினா, படலையைச் சாத்தினா. ஒன்பது வருடம் ஒன்றாக வேலை, ஒரே சாப்பாட்டுப் பெட்டி, கடைசியில் என்னைப் பழக்கடைக்காரி மாதிரி வெளியில் நிறுத்தி அனுப்பினீங்கள். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. உமக்கு மட்டும் சொல்கிறேன்.

மெசின் ஓடுகிறது, உண்மைதான். ஓடாமல் என்ன செய்ய? தண்ணீர்க் குழாய் போடுவதற்கு உள்வீதிகள் எல்லாம் வெட்டவேண்டிக் கிடக்கிறது. ஒப்பந்தக்காரர் இன்னொருவரை வைத்தார் என்றால், சாரங்காவும் சங்கிலி அண்ணையும் நானும் திரும்பவும் வெங்காயம் நடப் போக வேண்டியதுதான். வெடி எடுக்கிற வேலை முடிந்த அன்று நாலு பேரும் அந்த வெறும் கையோடு நின்றதை மறந்துவிட்டீரா? அன்றைக்கு இந்த மெசினை வாங்குவோம் என்று சொன்னது நான். அதில் இரண்டு வருடம் எல்லாருமாகச் சாப்பிட்டோம்.

கவரைப் பற்றிப் பெரிதாக எழுதியிருக்கிறீர். கவரைக் கழற்றியது யார்? மதகுச் சுவரோடு ஒட்டி வெட்டக் கவர் இடிக்கிறது என்று சாவி கொண்டு கழற்றியது நீர். நான் திருப்பிப் பூட்டச் சொல்லவில்லை, அது என் பிழை. ஆனால் கழற்றிய கை உமது கை.

நீர் கேட்ட கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல தாளில், சாரங்காவின் மகளைக் கொண்டு அழகாக எழுதுவித்து, கையெழுத்தும் வைத்திருக்கிறேன். வேலை கிடைக்கும். மேனுகாவுக்கு என் அன்பைச் சொல்லும். படலையைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா
விமலேஸ்வரி


நெடுங்கேணி
10.02.2025

அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். எழுத்து அழகுதான். "மிகவும் நேர்மையானவர், பண்பானவர், தற்செயலாக நடந்த விபத்தொன்றில் காலில் காயமடைந்தார்." மாப்பிள்ளை பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். எனக்குக் கலியாணம் ஆகிவிட்டது.

தற்செயலாக என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? முகமாலையில் ஒருதரம் வெடி எடுக்கிற கத்தி சறுக்கி என் கையுறை கிழிந்தது. சம்பவ அறிக்கையில் நான் "தற்செயலாக" என்று எழுதினேன். தாளைக் கிழித்து எறிந்தீர்கள். "தற்செயல் எண்டு ஒண்டு இல்லை. நேரம் எழுதும், ஆர் எங்க நிண்டது எண்டு எழுதும், சாமான் என்ன நிலையில கிடந்தது எண்டு எழுதும்" என்றீர்கள். அது ஒரு கையுறை. இது என் கால்.

சரி, நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கோ.

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. மெசினைத் துடைத்து, உங்கள் வீட்டு விறாந்தையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இரண்டு கல்லில் வைத்தோம். நீங்கள் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தீர்கள். சனி, ஞாயிறு யாரும் தொடவில்லை. திங்கட்கிழமை காலை, செவ்வரத்தம்பூவும் தலையில் இருக்க, சங்கிலி அண்ணை அதை அப்படியே தூக்கி மதகடிக்குக் கொண்டுவந்து வீதியில் நிமிர்த்தி வைத்தார். நான் வழக்கமாகச் செய்வது என்ன? மெசினைச் சரித்துப் படுக்கவைப்பேன். பிளேட் நிலத்தில் முட்டக்கூடாது. பிளேட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தட்டிக் கேட்பேன். வயரைத் தலையிலிருந்து வால்வரை கையால் தடவிப் பார்ப்பேன். சுவிச்சை இரண்டு தரம் அழுத்தி விட்டுப் பார்ப்பேன். பிறகுதான் பிளக்.

அன்றைக்குச் சரிக்கப் போனேன். "பூசை வைச்சதைப் புரட்டாதையும், முதல் வெட்டு முடியட்டும்" என்றீர்கள். சந்தனத்தைத் துடைக்கப் போனேன். அதற்கும் விடவில்லை. தேங்காய் உடைக்கிற இடத்தில் சப்பாத்தோடு நிற்கக்கூடாது என்றீர்கள். சப்பாத்தைக் கழற்றி மதகுக் கட்டில் வைத்தேன். ஏழு வருடம் வெடிக்காணிக்குள் ஒரு நாளும் கழற்றாத சப்பாத்து. தேங்காய் உடைத்தீர்கள். மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். "ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கப் போகுது, கெதியாக் கொழுவும் தம்பி" என்றீர்கள். ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. நான் குந்தியிருந்து பிளக்கைக் கொழுவினேன்.

கொழுவின உடனே மெசின் தானாக எழும்பியது. கவர் இல்லாத பிளேட் வீதியைப் பிடித்துக்கொண்டு, வண்டிச் சில்லு மாதிரி உருண்டு என்னிடம் வந்தது. பிறகு நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை.

சுவிச்சை நான் பார்க்கவில்லை. கவரைக் கழற்றியதும் நான்தான். இரண்டையும் நான் ஒத்துக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஆனால் சுவிச்சை அழுத்தாமல் ஒரு மெசின் எப்படி ஓடும்? மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து இதையே யோசித்தேன். என் விரல் தவறிப் பட்டிருக்குமோ என்று யோசித்து யோசித்து இப்போது பட்டதாகவே ஒரு ஞாபகம் வருகிறது. அது உண்மையா, நானே உண்டாக்கினதா என்று தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

சாரங்காவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கோ. தண்ணீர் விடாமல் வெட்டவேண்டாம், தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது, பிளேட்டும் சூடேறி வெடிக்கும். பிளேட்டில் இருக்கிற அம்புக்குறி சுற்றுகிற பக்கம் பார்க்க வேண்டும். மெசினுக்குள் பொறி அதிகம் தெரிந்தால் உள்ளே உரசுகிற காபன் துண்டுகள் தேய்ந்துவிட்டன, இரண்டையும் ஒன்றாக மாற்றவேண்டும். காற்றுப் போகிற ஓட்டைகளுக்குள் சீமெந்துச் சேறு காயவிடக்கூடாது, பின்னேரமே ஊதித் துடைக்க வேண்டும். பிளேட்டுக்கு நேரே நிற்கவேண்டாம், ஒரு பக்கம் விலகி நிற்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், பிளக்கைக் கொழுவ முன் சுவிச்சைப் பார்க்கச் சொல்லுங்கோ.

உங்களிடம் ஒரு கேள்வி. எல்லாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மெசினோடு நின்றது யார்?

ரஜிதன்


தர்மபுரம்
24.02.2025

ரஜிதன்,

என்ன இது, பொலிஸ் விசாரணையா? "மெசினோடு நின்றது யார்?" நான்தான் நின்றேன். வேறு யார் நிற்பது? சங்கிலி அண்ணை தன் சாரத்தைக் கிழித்து உமது காலில் கட்டி, ஓட்டோவில் உம்மை மடியில் வைத்துக்கொண்டு போனார். சாரங்கா கூடப் போனா. ஜெனரேற்றரை நிறுத்த, சாமான்களை ஏற்ற, றோட்டில் கிடந்த இரத்தத்தைக் கழுவ ஒரு ஆள் வேண்டாமா? உமது இரத்தத்தை நான் கழுவினேன். மூன்று வாளி. அதற்கு ஒரு நன்றி எழுதவில்லை, கேள்வி எழுதுகிறீர்.

ராகுகாலத்தைப் பார்த்தது எனக்காகவா? முந்திய வருடம் நேரம் பார்க்காமல் தொடங்கினோம், மூன்றாம் நாள் சங்கிலி அண்ணைக்குக் கண்ணில் கல் தெறித்தது, மாதம் முழுக்க வேலை இல்லை. உமக்கு ஞாபகம் இல்லையா? கண்ணாடி போடாமல் நின்றதால்தான் தெறித்தது என்று நீர் சொல்வீர், தெரியும். உமக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். எனக்கு நாலு பேரும் பின்னேரம் முழுசாக வீட்டுக்குப் போகவேண்டும் என்பது மட்டும்தான். அதற்குத்தான் பூசை, அதற்குத்தான் தேங்காய், அதற்குத்தான் நேரம். நான் உமக்குக் கேடு நினைத்தவளா?

கவர் பூட்டியாயிற்று. தகடு வெட்டி இரும்பு ஒட்டுக்காரனிடம் கொடுத்து ஒட்டுவித்தேன். பார்க்கச் சட்டி கவிழ்த்தது மாதிரி இருக்கிறது, ஆனால் இருக்கிறது. உமது கடிதத்தில் மெசின் பற்றி எழுதியதை மட்டும் சாரங்காவுக்கு வாசித்தேன். தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறா. காலையில் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறா, பத்து நிமிடம் போகிறது, ஒப்பந்தக்காரர் முகத்தைச் சுளிக்கிறார்.

சுவிச்சில் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்கே நான் நன்றாகப் பார்த்தேன். ஆகவே அதையே நினைத்து நித்திரையைக் கெடுக்காதையும். விரல் பட்டிருக்கும். யாருக்கும் படும். மனிசர்தானே.

கடிதத்தில் "தற்செயலாக" என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு தாள் வைத்திருக்கிறேன். இதைக் கொடும். அவர்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கமாட்டார்கள்.

விமலேஸ்வரி


நெடுங்கேணி
05.03.2025

அக்காவுக்கு,

சுவிச்சை அன்றைக்கே பார்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஏன் பார்த்தீர்கள்? என் கால் துண்டாகித் தொங்க, றோட்டில் இரத்தம் கிடக்க, ஒரு மனிசி மெசினின் சுவிச்சைப் போய்ப் பார்ப்பாளா? அதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால்தான் பார்ப்பாள். மருத்துவமனைக்கு நீங்கள் வரும்போது பின்னேரம் நாலு மணி. மதகிலிருந்து உங்கள் வீட்டுக்கு நடை தூரம். இடையில் எட்டு மணித்தியாலம். அதில் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். நீங்களாகச் சொல்லுங்கோ.

போன வாரம் காலுக்குச் சப்பாத்து அளவெடுக்கப் போனேன். வரிசையில் பக்கத்தில் இருந்தவர் காலைப் பார்த்துவிட்டு, "வெடியோ தம்பி?" என்றார். "ஓம்" என்றேன். உடனே தள்ளி இருந்து இடம் தந்தார். எந்த இடத்தில், எந்த வருடம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பொய் சொன்னேன். வெடியில் போன காலுக்கு இந்த மண்ணில் ஒரு மரியாதை இருக்கிறது. கொங்கிறீட் வெட்டிப் போன காலுக்குச் சிரிப்புத்தான் இருக்கிறது, அதிலும் குடிவெறியில் வெட்டிக்கொண்டான் என்றால் சொல்லவே வேண்டாம்.

மேனுகாவைப் பற்றியும் எழுதவேண்டும். நீங்கள் வந்த அன்று படலையில் அவள் அப்படி நின்றது உங்களில் கோபத்தில் அல்ல. என்னைப் பற்றி நீங்கள் ஏதும் சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில். நாலு மாதம் தினமும் புண்ணைக் கழுவினாள், முகம் சுளிக்கவில்லை. ஒரு நாள் மட்டும், கட்டுத்துணியை முடிந்துகொண்டே, "எனக்கு மட்டும் சொல்லுங்கோ, அண்டைக்குக் குடிச்சிருந்தனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி" என்றாள். அந்தச் "சரி"யைக் கேட்டால் உங்களுக்கு விளங்கும். அடுத்த கிழமை என் உடுப்புப் பெட்டியைத் தேடியிருக்கிறாள், போத்தல் இருக்கிறதா என்று.

இரண்டாவது தாளையும் திருப்பி அனுப்புகிறேன். அதில் என்ன நடந்தது என்று ஒரு வரி இல்லை.

ரஜிதன்


நெடுங்கேணி
20.03.2025

இரண்டு கிழமை. பதில் இல்லை. இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நான் திரும்ப எழுதமாட்டேன்.

ரஜிதன்


தர்மபுரம்
24.03.2025

தம்பி,

போன வியாழக்கிழமை காலை சாரங்கா மெசினைச் சரித்து வைத்து, உமது தாளில் இருக்கிறபடி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தா. சுவிச்சில் கை வைத்ததும் நின்றா. முதல் நாள் வெட்டின சீமெந்துச் சேறு இடுக்கில் காய்ந்து, சுவிச் அமுங்கினபடி இறுகிக் கிடந்தது. பிளக் அவவின் மற்றக் கையில். கொழுவவில்லை. மெசினை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்து காட்டினா. "அக்கா, இது முதலும் ஒருக்கா இப்பிடி இறுகினதோ?" என்று கேட்டா.

"தெரியாது" என்றேன்.

அவ என் முகத்தைப் பார்த்தா, பிறகு போய் ஊசி கொண்டு சுரண்டத் தொடங்கினா. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஐப்பசி மாதம் நானும் ஊசி கொண்டுதான் சுரண்டினேன். ஓட்டோ போன பிறகு ஜெனரேற்றரை நிறுத்தினேன். மெசின் வீதிக்கரையில் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தினேன். கைபிடி முழுக்கச் சந்தனம், சுவிச்சுக்கு மேலேயும். வெள்ளிக்கிழமை நான் மேலிருந்து கீழே அழுத்தித் தடவிக்கொண்டு போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெருவிரலால் அழுத்தியிருக்கிறேன். சுவிச்சை அமுங்கினபடி பூட்டி வைக்கிற, பக்கத்து லொக் பட்டனும் அமுங்கியிருக்கிறது. பன்னீரும் மஞ்சளும் கலந்த சந்தனம் மூன்று நாள் வெயிலில் கல்லாகக் காய்ந்து அதைப் பிடித்துக்கொண்டது. நீர் சுவிச்சைத் தொடவில்லை தம்பி. உமது விரல் படவில்லை. மெசின் வெள்ளிக்கிழமையிலிருந்தே ஓடுகிற நிலையில்தான் இருந்திருக்கிறது. பிளக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அதை அப்படியே விட்டுச் சனங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கவேண்டும். சம்பவம் நடந்த இடத்தில் ஒன்றையும் தொடக்கூடாது என்று எத்தனை பேருக்கு நான் வகுப்பு எடுத்தேன்? வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, சாக்கு ஊசியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, சுவிச் படக் படக் என்று வேலை செய்கிறவரை விடவில்லை. இவ்வளவுக்கும் உமக்கு உயிர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதை எழுத என் கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. மருத்துவமனை வாசலில் ஒப்பந்தக்காரர் நின்றார். "பெடியன் குடிச்சிருந்தவனோ?" என்று கேட்டார். நான் "தெரியாது" என்றேன். காலையில் உமக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கையில் தந்தது நான். என் முன்னால் இருந்து குடித்துவிட்டு எழும்பினீர். எனக்கா தெரியாது? இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அப்படியென்றால் எப்படி நடந்தது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்குப் பயந்து "தெரியாது" என்றேன். அவர் தலையை ஆட்டினார். இருட்டுவதற்குள் தர்மபுரம் முழுக்க நீர் குடித்திருந்தீர். ஊர் சொன்னது என்று நான் என் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். ஊருக்கு எடுத்துக் கொடுத்தது நான்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். யாரையும் கொண்டு எழுதுவிக்கவில்லை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இதில் எழுதியிருப்பது:

"14.10.2024 திங்கட்கிழமை காலை ஏழு இருபத்தைந்து அளவில், தர்மபுரம் மதகடியில், ரஜிதன் எனது சொல்லின்படி கொங்கிறீட் வெட்டும் மெசினின் பிளக்கைக் கொழுவினார். அப்போது சுவிச் சந்தனம் காய்ந்து அமுங்கிய நிலையில் இறுகியிருந்தது. சந்தனம் பூசியது நான். மெசினைச் சரித்துப் பார்க்கப் போன அவரைத் தடுத்தது நான். சப்பாத்தைக் கழற்றச் சொன்னது நான். பிளேட்டின் கவரை அவர் கழற்றியிருந்தார். கவர் இல்லாமல் வேலை செய்ய விட்டது நான். அவர் குடித்திருக்கவில்லை. சுவிச்சைப் பிறகு சுரண்டித் துப்புரவாக்கி மறைத்ததும் நான்."

இதே தாள் ஒன்றை இன்று காலை ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். சாரங்காவை மட்டும் வேறு ஆட்களோடு சேர்த்து வைத்துக்கொள்வார் போல இருக்கிறது. அவ என்னோடு கதைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டால் நீர் அதற்கும் ஒரு பதில் எழுதவேண்டி வரும். அந்த வேலையை உமக்கு நான் தரவில்லை.

விமலேஸ்வரி


நெடுங்கேணி
08.04.2025

விமலேஸ்வரி அக்காவுக்கு,

உங்கள் தாள் இருபத்தெட்டாம் திகதி கிடைத்தது. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை தந்துவிட்டார்கள். மே மாதம் முதலாம் கிழமை தொடக்கம். தாளை வாசித்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யார் தடுத்தாலும், பிளக்கைக் கொழுவ முன் சுவிச்சைப் பார்த்திருக்க வேண்டியது யார்?" நான் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அது சரியான கேள்வி. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

உங்களுக்கு நன்றி எழுதவேண்டும் என்று இரண்டு தரம் தாளை எடுத்தேன். வரவில்லை. உங்களைத் திட்டி எழுதவும் ஒரு நாள் இருந்தேன். அதுவும் வரவில்லை. நீங்கள் வேலையை இழந்ததைச் சாரங்காவும் சொன்னா. கேட்டு எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கவில்லை.

என் விரல் படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஐந்து மாதத்துக்கும் மேலாக, நித்திரையில் கூட அந்த விரலை மடக்கி வைத்திருந்தேன். அதை இப்போது விட்டுவிட்டேன். இது நீங்கள் முதல் நாளே தந்திருக்கக்கூடிய சாமான். உங்கள் வீட்டில், உங்கள் கையில் இருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் மேனுகா. கடிதம் வந்த அன்று அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்துக் காட்டவில்லை, கையில் கொடுத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கி, நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தோய்க்கிற கல்லில் குந்தியிருந்து அழுதாள். "அப்ப நீங்கள் உண்மையாவே குடிக்கேல்லை" என்றாள். அன்றைக்குப் பின்னேரம் ஒடியல் கூழ் காய்ச்சினாள். கால் போன நாளிலிருந்து என்னோடு அப்படிச் சிரித்துக் கதைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய் உங்கள் தாளைக் காட்டியிருக்கிறாள்.

அவளில் எனக்குக் கோபம் இல்லை. என் புண்ணைக் கழுவிய கை அது. ஆனால் அக்கா, உங்கள் தாளில் இருக்கிற அதே சொல்லைத்தான் நான் அவளுக்கு ஐப்பசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்து சொன்னேன். சத்தியம் பண்ணிச் சொன்னேன். ஒரு நாளும் நம்பவில்லை. நீங்கள் இவ்வளவு காலமும் மறைத்தவர், அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்களை அவள் இரண்டு தரம் வாசித்ததோடு நம்பிவிட்டாள்.

இப்போது வீடு நன்றாக இருக்கிறது. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கும்போதெல்லாம் அது எனக்கில்லை, உங்கள் கடிதத்துக்குத்தான் என்று எனக்குத் தெரிகிறது.

ரஜிதன்